பாடம் அனுப்புவது மலிவு, விடை திருத்துவதுதான் விலை: இணையவழித் தொலைநிலைக் கல்வியின் உள்கணக்கு

ஜூன், ஜூலை பிறந்துவிட்டால் பட்டப்படிப்பு விளம்பரங்கள் செல்பேசித் திரையை மொய்க்கத் தொடங்கும். ‘வீட்டிலிருந்தே எம்.பி.ஏ.’, ‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம்’, ‘ஐ.ஐ.டி. சான்றிதழ், கட்டணமில்லை’. மூன்றையும் ஒரே திரையில், ஒரே மாதிரி வீடியோவாகத்தான் பார்க்கப் போகிறோம் என்பதால் மூன்றும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. உளவியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் உள்ளிட்ட பாடங்களுக்குத் தொலைநிலையிலும் இணையவழியிலும் இனிமேல் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அறிவித்தது. தரவு அறிவியலை வீட்டிலிருந்தபடியே படித்து ஐ.ஐ.டி. பட்டம் வாங்கலாம், உளவியல் மட்டும் கூடாதா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், தொலைவிலிருந்து கற்பிப்பது என்ற வேலைக்குள் என்னென்ன வேலைகள் அடங்கியிருக்கின்றன, அவற்றில் எதை இணையம் எளிதாக்கியது, எதை அப்படியே விட்டுவிட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்கள்

செய்திகளில் மாறி மாறி வரும் நான்கு ஏற்பாடுகள் வேறு வேறு.

1. திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்வி. நம் ஊரில் ‘கரஸ்’ என்று சொல்லும் அஞ்சல்வழிக் கல்வியின் இன்றைய வடிவம் இது. அச்சிட்ட பாடநூல், படிப்பு மையம், சனி ஞாயிறு நேர்முக வகுப்பு, எழுதி அனுப்பும் ஒப்படைப்பு, ஆண்டிறுதியிலோ பருவ இறுதியிலோ தேர்வு. இதில் இணையமும் இருக்கலாம், இல்லாமலும் நடக்கும்.

2. இணையவழிப் பட்டம். சேர்க்கை, பாடம், கலந்துரையாடல், பயிற்சி அனைத்தும் இணையத்திலேயே நடக்கும். படிப்பு மையம் கிடையாது. யுஜிசி இதைத் தொலைநிலைக் கல்வியிலிருந்து தனி முறையாகவே வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த விதிமுறைகளின் தலைப்பிலேயே இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

3. தனிப் பாடச் சான்றிதழ். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் ஆகிய இணையப் பாடத் தளங்களில் கிடைப்பது இதுதான். இது பட்டம் அல்ல. ஒரே ஒரு பாடத்தை முடித்ததற்கான சான்று. ஆனால் கல்லூரி ஒப்புக்கொண்டால் பட்டத்துக்குள் மதிப்பெண் அலகாக (கிரெடிட்) சேரும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இப்படி எடுக்க 2021 விதிமுறை இடம் தருகிறது.

4. வழக்கமான கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு. கொரோனாக் காலத்தில் எல்லாரும் பார்த்தது. வகுப்பறையை அப்படியே திரைக்கு மாற்றிய அவசர ஏற்பாடு அது. தொலைநிலைக் கல்வியே அல்ல. ‘ஆன்லைன் படிப்பு உருப்படாது’ என்ற பொதுக்கருத்து பெரும்பாலும் இந்த நான்காவதைப் பார்த்து வந்தது. அதைக் கொண்டு முதல் மூன்றையும் எடை போடுவது சரியல்ல.

தபால்காரர் செய்த நான்கு வேலைகள்

ஐசக் பிட்மன் 1840களில் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்றுக்கொடுத்தார். மாணவர்கள் பயிற்சியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். தொலைநிலைக் கல்வியின் உயிர்நாடி இந்தத் திருப்பி அனுப்புவதில்தான் இருக்கிறது. புத்தகம் அனுப்புவது மட்டுமே என்றால் அது புத்தகக் கடை.

லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளியூர் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் தந்தது. அது வேறொரு மாதிரி: எங்கே வேண்டுமானாலும் படி, தேர்வை மட்டும் என்னிடம் எழுது. இந்த இரு மாதிரிகளையும் ஒன்றாகக் கட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969ல் தொடங்கி, 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. தொலைக்காட்சியில் நள்ளிரவில் பாடம் நடத்தியது என்றுதான் அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான பலம், சுமார் இருபது மாணவர்களுக்கு ஒருவர் என்று அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள். ஒப்படைப்பைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பியவர்கள் அவர்கள்.

இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரையும் அண்ணாமலையும் சென்னையும் எழுபது, எண்பதுகளில் அந்தப் பாதையில் வந்தன. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002ல். அரசு வேலையில் இருந்துகொண்டே பி.எட்., எம்.ஏ. முடித்துப் பதவி உயர்வு பெற்ற ஒரு தலைமுறையே இவற்றால் உருவானது.

எந்தக் காலத்திலும் இதற்குள் இருப்பவை நான்கு வேலைகள்:

1. பாடத்தைக் கொண்டுசேர்ப்பது.
2. மாணவர் கேட்கும் ஐயத்தைத் தீர்ப்பது.
3. மாணவர் எழுதியதை வாங்கித் திருத்தித் தருவது.
4. எழுதியவர் அவர்தான் என்று உறுதிசெய்து தேர்வு வைப்பது.

முதல் வேலையில் சரக்கு ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போகிறது. மற்ற மூன்றிலும் மாணவரிடமிருந்து ஆசிரியருக்குத் திரும்பி வருகிறது. இனி இந்தக் கட்டுரையில் ‘போகும் பாதை’, ‘திரும்பும் பாதை’ என்றே சொல்லிக்கொள்வோம். எல்லாக் குழப்பமும் இந்த இரண்டின் செலவு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

போகும் பாதையை வலை எப்படி மலிவாக்கியது

இந்தியா இதற்காகச் செயற்கைக்கோளே ஏவியிருக்கிறது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எடுசாட் முழுக்கக் கல்விக்கென்றே செய்யப்பட்டது. ஒவ்வொரு மையத்திலும் டிஷ் ஆன்டெனா, பெட்டி, திரை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. பின்னாளில் இணையம் அந்த வேலையைப் பறித்துக்கொண்டது.

பறிக்க முடிந்ததற்குக் காரணம் ஓர் எளிய பொறியியல் யோசனை. ஒரு மணி நேர விரிவுரையை முழுக் கோப்பாக அனுப்பினால் நடுவில் சிக்னல் போகும்போது எல்லாம் நின்றுவிடும். அதனால் விரிவுரையைச் சில வினாடிகள் மட்டுமே ஓடும் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தெளிவு கூடியது, நடுத்தரம், மங்கலானது என்று பல தரங்களில் சேமிக்கிறார்கள். எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு கூடவே இருக்கும். நம் செல்பேசி ஒரு துண்டை இறக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே முடிவு செய்கிறது. பேருந்து ஊரைத் தாண்டியதும் படம் மங்கி, ஆனால் பேச்சு நிற்காமல் ஓடுவது இதனால்தான். ஆப்பிள் நிறுவனம் 2009ல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை இந்த வகை. யூடியூபும் இதே கொள்கையில்தான் ஓடுகிறது.

இந்தத் துண்டுகள் சாதாரண வலைப்பக்கம் போகும் அதே வழியில் போகின்றன. எனவே சென்னையிலோ மும்பையிலோ உள்ள இடைநிலைச் சேமிப்பகங்களில் படி எடுத்து வைத்துவிடலாம். முதல் மாணவருக்கு அனுப்பியதையே பத்தாயிரமாவது மாணவருக்கும் அனுப்பலாம். கூடுதல் செலவு சில பைசாக்கள்.

நேரலை வகுப்பு வேறு ரகம். அதில் ஆசிரியர் பேசி அரை வினாடிக்குள் மாணவர் கேட்டாக வேண்டும். துண்டு போட்டுச் சேமித்து நிதானமாக அனுப்ப நேரமில்லை. ஒலி ஒளித் தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி வீசுகிறார்கள். வழியில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்பதால் பெரிய பயனில்லை, வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். உலாவியில் இதைச் செய்யும் நுட்பத்துக்கு வெப்ஆர்டிசி என்று பெயர். பலவீனமான இணைப்பில் இருப்பவருக்கு நேரலையில் வாக்கியங்களே காணாமல் போகும். பதிவில் அவை தாமதமாகவாவது வந்து சேரும். ‘நேரலைதான் உண்மையான வகுப்பு, பதிவு இரண்டாந்தரம்’ என்ற எண்ணம் நகரத்து ஃபைபர் இணைப்பிலிருந்து பிறந்தது. மலையடிவாரத்து மாணவிக்குப் பதிவுதான் முதல்தரம்.

டேட்டா கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. தின்னும். தினம் ஐந்து வகுப்பு என்றால் 2.25 ஜி.பி. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்த வீட்டில், அதுவும் அண்ணனும் தங்கையும் ஒரே செல்பேசியைப் பகிர்ந்தால், பகல் இரண்டு மணிக்கே கதை முடிந்துவிடும். அதே பாடம் வெறும் ஒலியாக, வினாடிக்கு 32 கிலோபிட் அளவில் வந்தால் மணிக்கு 15 எம்.பி.கூட ஆகாது. கரும்பலகையில் எழுதியதை நான்கு படங்களாகச் சேர்த்தாலும் கூடுதலாக ஒன்றிரண்டு எம்.பி.தான். ஆசிரியரின் முகம் தெரிவதற்காக முப்பது மடங்கு டேட்டா செலவழிக்கிறோம்.

இந்தக் கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017-18ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு; நகர்ப்புறத்தில் 42. கணினி வைத்திருந்த வீடுகள் நாடு முழுக்கவே நூற்றுக்குப் பதினொன்றுதான். இரண்டே ஆண்டில் கொரோனா வந்தது. தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பியதும், 2021 தொடக்கத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா அட்டை தந்ததும் போகும் பாதையில் இருந்த பள்ளத்தை அடைக்கத்தான். அந்தப் பள்ளம் ஓரளவு நிரம்பிவிட்டது. டேட்டா விலை இறங்கியது, செல்பேசி பரவியது. ஆகவே போகும் பாதை ஏறக்குறைய தீர்ந்த பிரச்சினை என்றே சொல்லலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பாடத்தை எந்த வடிவில் செய்து வைக்கிறோம் என்பது முக்கியம். 2000களில் அசைவூட்டப் பாடங்கள் பெரும்பாலும் ஃபிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான பாடங்கள் ஒரே மாதத்தில் திறக்க முடியாத பெட்டிகளாகிவிட்டன. அதே காலத்தில் வெறும் எழுத்தும் படமுமாகச் செய்த பாடங்கள் இன்றும் திறக்கின்றன. தமிழுக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு: எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடங்களைத் தேடுபொறியும் கண்டுபிடிக்காது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு மென்பொருளும் வாசிக்காது.

திரும்பும் பாதையின் கணக்கு

இப்போது மறுபக்கம். ஒரு பாடத்துக்கு 40 மணி நேர விரிவுரை என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பதிவு செய்தால் போதும். 1,000 மாணவர்கள் சேர்கிறார்கள். ஆளுக்கு ஆறு ஒப்படைப்பு. ஒன்றை ஒழுங்காகப் படித்துத் திருத்திக் குறிப்பெழுத 15 நிமிடம். மொத்தம் 1,500 மணி நேரம். மாணவர் எண்ணிக்கை 10,000 ஆனால் விரிவுரைக்கு அதே 40 மணி நேரம்தான். திருத்தும் வேலை 15,000 மணி நேரம்.

இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் இணையக் கல்வியில் நாம் பார்க்கும் பல வினோதங்கள் புரிந்துவிடும்.

ஏன் எல்லாத் தளத்திலும் கொள்குறி வினாவாகவே இருக்கிறது? கணினி எளிதாகத் திருத்த முடிவது அதைத்தான். ஏன் இணையக் கல்வி நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் முதலில் வெற்றி பெற்றது? மாணவர் எழுதிய நிரலை இயக்கிப் பார்த்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று இன்னொரு நிரலே சொல்லிவிடும். அங்கே திரும்பும் பாதையும் மலிவு. வரலாற்றுக் கட்டுரையை, கவிதை நயத்தை, ஒரு நோயாளியிடம் மாணவர் பேசிய விதத்தை அப்படி இயக்கிப் பார்க்க வழியில்லை.

இடையில் இரண்டு குறுக்கு வழிகள் முயலப்பட்டன. ஒன்று, மாணவர்கள் ஒருவர் தாளை மற்றவர் திருத்துவது. பெரிய திறந்தநிலைப் பாடங்களில் இது நடக்கிறது. ‘நன்று’ என்று எல்லாருக்கும் எழுதிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றொன்று, கேள்வி பதிலுக்கான விவாத அரங்கு. அரங்கு இருப்பது பெரிதல்ல. அங்கே கேட்ட கேள்விக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதே வித்தியாசம். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இந்தப் போக்குவரத்தை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் மென்பொருளைக் கற்றல் மேலாண்மை அமைப்பு என்கிறார்கள், வழக்கில் எல்.எம்.எஸ். இதில் உலகெங்கும் பரவியது மூடுல் என்ற கட்டற்ற மென்பொருள். 2002ல் அதன் முதல் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்துச் சிற்றூரில் வளர்ந்தவர். சிற்றலை வானொலியில் நடக்கும் ‘வான்வழிப் பள்ளி’யில் படித்தவர். மூடுலில் விவாத அரங்கும் ஒப்படைப்பும் மையத்தில் இருப்பதற்கு அந்த இளமைக்காலமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

எல்.எம்.எஸ். எதைப் பதிவு செய்கிறது என்பதிலும் கவனம் தேவை. எப்போது நுழைந்தார், எந்த வீடியோவைத் திறந்தார், எத்தனை நிமிடம் ஓடியது. வீடியோவை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போனாலும் கணக்கில் வரும். ‘எங்கள் மாணவர்கள் 92 விழுக்காடு வருகை’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது சொல்வது செல்பேசியின் வருகையை.

பாதியில் நிற்பவர்கள்

2011ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி என்று இணையப் பாடத் தளங்கள் வரிசையாக வந்தன. பல்கலைக்கழகங்களுக்கு மூடுவிழா என்றுகூட எழுதினார்கள்.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவை ஆராய்ந்து 2019ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. பதிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. 2017-18ல் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. ஆனால் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 விழுக்காடு முடித்திருந்தார்கள்.

இந்த இரண்டாவது எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. பணம் கட்டியதால் புத்தி வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. முடிக்க வேண்டும் என்ற முடிவோடு வந்தவர்கள்தான் பணம் கட்டினார்கள். சும்மா எட்டிப் பார்த்தவரையும் சேர்த்து வகுத்தால் எந்த நூலகமும் தோல்விதான். அதற்காக 46 நல்ல எண் என்றும் சொல்ல முடியாது: மனம் வைத்து வந்தவர்களிலேயே பாதிக்குமேல் நின்றுவிட்டார்கள்.

ஏன் நிற்கிறார்கள்? வேலை, குழந்தை, நேரம் என்று காரணங்கள் பல. ஆனால் தொலைநிலைக் கல்வியில் நெடுநாள் இருப்பவர்கள் கவனிக்கும் ஒன்று உண்டு. முதல் ஒப்படைப்பு திருத்தப்பட்டு வரும்வரைதான் பெரிய ஆபத்து. எழுதி அனுப்பினோம், யாரோ படித்தார்கள், இந்த இடத்தில் தவறு என்று சொன்னார்கள் என்ற அந்த ஒரு அனுபவம் மாணவரைப் பிடித்து நிறுத்துகிறது. அதைத் தராமல் மின்னஞ்சலில் நினைவூட்டல் மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும் தளங்கள் வேலிக்குத் தண்ணீர் ஊற்றுகின்றன.

தேர்வு என்ற நான்காவது வேலை

சான்றிதழுக்கு மதிப்பு வருவது, எழுதியவர் அவர்தான் என்ற நம்பிக்கையிலிருந்து. இங்கே இணையம் உதவியதைவிட உபத்திரவம் கொடுத்ததுதான் அதிகம்.

வீட்டிலிருந்து தேர்வெழுதும்போது காமிரா வழியே கண்காணிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. வேறு சாளரம் திறக்க விடாது. முகம் திரையிலிருந்து விலகினால் எச்சரிக்கும். ஆனால் மேசைக்கு அடியில் இருக்கும் இரண்டாவது செல்பேசியை அதனால் பார்க்க முடியாது. மின்தடை வந்தால் நேர்மையான மாணவர் மாட்டிக்கொள்வார். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் ‘பின்னணியில் ஆள் நடமாட்டம்’ என்று குற்றம் சாட்டும் மென்பொருள், வறுமையை முறைகேடாகக் கணக்கெழுதுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஏற்பாடு என்பிடெல். 2003ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இத்திட்டம், முதலில் விரிவுரைகளைப் பதிவு செய்து வெளியிடுவதோடு நின்றது. 2014ல் சான்றிதழ்ப் பாடங்களாக மாற்றியபோது ஒரு முடிவெடுத்தார்கள். படிப்பது இலவசம், தேர்வு நேரில், மையத்தில், கட்டணத்துடன். வாராந்திர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் எடுத்தால்தான் சான்றிதழ். 2017ல் தொடங்கிய ஸ்வயம் தளத்திலும் படிப்பு இலவசம், தேர்வுக்குக் கட்டணம் என்ற இதே அமைப்புத்தான். போகும் பாதையை இலவசமாக விட்டுத் திரும்பும் பாதைக்கு மட்டும் காசு வாங்குகிறார்கள். இதைவிடத் தெளிவாக உள்கணக்கைச் சொல்லிவிட முடியாது.

சென்னை ஐ.ஐ.டி. 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டமும் அதே தடத்தில் போகிறது. ஐ.ஐ.டி.யின் வழக்கமான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதாதவரும் சேரலாம். ஆனால் முதலில் நான்கு வாரப் பாடம் படித்து, ஒப்படைப்புகளை முடித்து, மையத்துக்குப் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பட்டத்துக்குள் வந்த பிறகும் முக்கியத் தேர்வுகள் நேரில்தான். வாசல் கதவு அகலம். வாசலைத் தாண்டியதும் சல்லடை. நடுவில் நின்றுகொள்ள விரும்புகிறவர் அடிப்படைச் சான்றிதழோடோ பட்டயத்தோடோ வெளியேறலாம். பாதியில் நிற்பதைத் தோல்வியாக்காமல் படிக்கட்டாக்கிய இந்த ஏற்பாட்டைப் பிற பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. வீட்டில் எழுதும் ஒப்படைப்பு மாணவரின் வேலைதானா என்று சொல்ல முடியவில்லை. ஒப்படைப்பு விடைகளைக் காசுக்கு எழுதித் தரும் கடைகள் முன்பே இருந்தன. இப்போது அந்தக் கடைக்குப் போகும் சிரமமும் மிச்சம். ஆகவே நேரில் எழுதும் தேர்வுக்கும், ‘நீ எழுதியதை நீயே விளக்கு’ என்று ஐந்து நிமிடம் கேட்கும் வாய்மொழித் தேர்வுக்கும் எடை கூடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தையும் மாணவர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

விதிமுறைகள் ஏன் இப்படி இருக்கின்றன

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த யுஜிசி விதிமுறை அனுமதிப்பதில்லை. (சென்னை ஐ.ஐ.டி. தருவது பி.எஸ். என்ற அறிவியல் பட்டம், பி.டெக். என்ற பொறியியல் பட்டம் அல்ல.) இவற்றில் பெரும்பாலானவற்றில் மாணவர் கையால் செய்ததை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். திரும்பும் பாதை கம்பியில் ஏறாது.

இதை மீறியதன் விலையை நாடு ஏற்கெனவே பார்த்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கின. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டங்கள் செல்லாது என்றது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் தேர்வெழுதித் தப்பிக்க வாய்ப்புத் தந்தது. பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றிருந்தவர்கள் பலர் நடுத்தெருவில் நின்றார்கள்.

உளவியல் பட்டியலில் சேர்ந்ததற்கு நேரடிக் காரணம் சட்டம். 2021ல் வந்த துணை நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் அந்தப் பாடங்கள் வருகின்றன. பல பாடங்களில் ஒன்றாக உளவியலை வைத்திருக்கும் பட்டங்களில் அந்தப் பிரிவு மட்டும் நீங்கும், மற்றவை தொடரும். சிகிச்சை தரப்போகிறவரை நேரில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் உளவியலை ஓர் அறிவுத்துறையாகப் படிக்க விரும்பும் ஐம்பது வயது ஆசிரியருக்கும் அதே கதவைச் சாத்தியிருக்க வேண்டுமா என்பது கேட்கத்தக்கதுதான். தொழில் உரிமம் தரும் பட்டம், தராத பட்டம் என்று பிரித்திருக்கலாம்.

இன்னொன்று, எல்லை. மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியைத் தன் எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம். இணையவழிப் பட்டத்துக்கு அந்த எல்லை இல்லை. ஒரு காலத்தில் தமிழகப் பல்கலைக்கழகங்களின் படிப்பு மையப் பலகைகளை வெளிமாநிலக் கடைத்தெருக்களில் பார்க்க முடிந்தது. பலகையை மாட்டியவர் பெரும்பாலும் உள்ளூர் டியூட்டோரியல்காரர். மையம் நடத்துவதைக் குத்தகைக்கு விடுவது இப்போது தடை. ‘இணைய நிறுவனத்தோடு கூட்டு’ என்ற புது வேடத்தில் அதே குத்தகை வந்தபோது, 2022 ஜனவரியில் யுஜிசி அதையும் கூடாது என்று எச்சரித்தது.

தமிழுக்கு ஒரு முன்னோடி

சென்னையில் 1999ல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி எழுந்த யோசனை, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். முன்னின்றவர் வா.செ. குழந்தைசாமி; இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்பதால் அஞ்சல் காலத்துப் பாடங்கள் அவருக்கு அத்துபடி. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மழலைக் கல்வி தொடங்கிச் சான்றிதழ், பட்டயம், தமிழியல் இளங்கலை என்று அடுக்கினார்கள். இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இணைப்பே இல்லாத ஆண்டு அது. இணைய நூலகமாக அது இன்று தரும் பயன் பெரிது. ஆனால் கனடாவில் ஒரு குழந்தை ‘ழ’ சொல்வதைக் கேட்டுத் திருத்த யாராவது வேண்டுமே. அந்த வேலையை இன்றுவரை செய்வது ஊர்தோறும் வாரஇறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளும் அவற்றின் தன்னார்வ ஆசிரியர்களும்தான்.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. இது தொலைநிலையா, இணையவழியா? யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பாடம், அந்த முறை, அந்தக் கல்வியாண்டு மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். கடந்த ஆண்டு அனுமதி இருந்தது என்பதால் இந்த ஆண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

2. பணியகத்தின் மாணவர் அடையாள எண்ணை எடுத்தீர்களா? 2024 முதல் இந்தியாவில் சேரும் மாணவர்களுக்கு இது கட்டாயம். கல்வி அலகு வங்கிக் கணக்கான ஏபிசி எண்ணோடு இணைந்தது. வாழ்நாளுக்கு ஒருமுறைதான், மாணவரே நேரடியாக எடுக்கலாம், இதற்கு முகவர் தேவையில்லை.

3. பட்டத்துக்கு மதிப்பு உண்டா? அனுமதியோடு நடத்தப்படும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டத்துக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யுஜிசி மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆனாலும் குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பாக வெளிநாட்டு வேலைக்கு, அந்த முதலாளியின் விதியைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஒப்படைப்பைத் திருத்துவது யார்? எத்தனை நாளில் திரும்பி வரும்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? விளம்பரப் புத்தகத்தில் இது இருக்காது. தொலைபேசியில் கேட்க வேண்டும். ‘எங்களிடம் ஐந்நூறு மணி நேர வீடியோ இருக்கிறது சார்’ என்று பதில் வந்தால், கேட்டது அதுவல்ல என்று சொல்லி மறுபடி கேளுங்கள். அப்போதும் அதே பதில் வந்தால் அந்த வீடியோவுக்கு நிகரானது யூடியூபில் இலவசமாகவே இருக்கும்.

5. தேர்வு எங்கே? மையம் எத்தனை கிலோமீட்டர்? தேர்வு நாளன்று விடுப்புக் கிடைக்குமா என்பதைச் சேரும் நாளிலேயே யோசித்துவிட வேண்டும்.

6. பாடங்களை இறக்கிவைத்து இணைப்பில்லாமல் படிக்க முடியுமா? எழுத்து வடிவம் உண்டா? ஒரு வாரப் பாடத்தை மாதிரிக்குத் திறந்துகாட்டச் சொல்லி, வீட்டில் இருக்கும் செல்பேசியில், வழக்கமான ரீசார்ஜில், மாலை எட்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு அவர்கள் அலுவலகத்தில் ஓடியது கணக்கில் சேராது.

7. பாதியில் விட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், அதுவரை முடித்த பாடங்களின் அலகுகள் ஏபிசி கணக்கில் ஏறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் ஏறிய அலகை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை.